மாப்பிள்ளை கட்டிய பல்

ஆகஸ்ட் 30, வெள்ளி

டைல்ஸ் கம்பெனிக்காரன் வருஷா வருஷம் கொடுக்கிற டைரியில் சரக்கு விவரம் தவிர வேறு எதையும் எழுதுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. இன்று எழுத வேண்டும் போலிருக்கிறது. வாய் மரத்துப்போய்க் கிடக்கிறது. பேசவும் முடியாது, தின்னவும் முடியாது, வேறென்ன செய்ய.

தேனியில் மாப்பிள்ளையின் பல் ஆஸ்பத்திரி திறப்பு விழா. என் மகள் அபிநயாவுக்கும் டாக்டர் நவநீதனுக்கும் வைகாசியில் கல்யாணம் நடந்தது. ஆவணியிலேயே ஆஸ்பத்திரி. உத்தமபாளையத்திலிருந்து வேன் பிடித்துச் சொந்தபந்தத்தை எல்லாம் அள்ளிக்கொண்டு போனேன். முதல் வைத்தியம் மாமனாருக்குத்தான் என்று முன்பே சொல்லிவைத்திருந்தேன். எனக்குக் கீழே வலது பக்கம் ஒரு கடைவாய்ப்பல் விழுந்து ரொம்ப நாளாக ஓட்டை. அதற்கு இரண்டு பக்கமும் நின்ற நல்ல பற்களை இந்த மாத ஆரம்பத்திலேயே ராவி அச்சு எடுத்து, மூன்று பல் சேர்ந்தாற்போல ஒரு பிரிட்ஜ் மதுரையில் செய்து வந்திருந்தது. இன்று ஒட்டவேண்டியதுதான் பாக்கி.

மாப்பிள்ளை, "மாமா, இன்னிக்குத் தற்காலிகமா ஒட்டிவிடுறேன். ஒரு வாரம் சாப்பிட்டுப் பாருங்க. கடி சரியா இருந்துச்சுன்னா அப்புறம் நிரந்தரமா ஒட்டிக்கலாம்" என்றார். மணி பத்து தாண்டிவிட்டது. பத்தரைக்கு ராகு காலம் பிறக்கிறது. "நல்ல நாளும் அதுவுமா தற்காலிகம்ங்கிற பேச்சே வேணாம் மாப்பிள்ளை. ஒட்டுறத ஒரேயடியா ஒட்டுங்க. பத்தரைக்குள்ள முடிங்க" என்றேன். என் மனைவி இந்திராணியும் பின்னாலிருந்து ஆமாம் போட்டாள். அவர் கொஞ்சம் தயங்கினார். பெரியவர்கள் சொல்லைத் தட்டாத பிள்ளை, ஊசி போட்டு ஒட்டிவிட்டார்.

"கடிச்சுப் பாருங்க மாமா, உயரமாத் தெரியுதா?" என்று கேட்டார். கன்னம் யாருடைய கன்னமோ மாதிரி இருந்தது. "அருமை" என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள்.

மதியம் பிரியாணி. ஊரே சாப்பிட்டது. நான் மோர் குடித்தேன். பாதி சட்டைக்குப் போனது.

ஆகஸ்ட் 31, சனி

மரப்பு விட்டுவிட்டது. பல் இடிக்கிறது.

செப்டம்பர் 2, திங்கள்

வாயை மூடினால் முதலில் இந்தப் பிரிட்ஜ்தான் மேல்பல்லில் போய் முட்டுகிறது. மற்ற பற்களெல்லாம் கல்யாண வீட்டில் இடம் கிடைக்காதவர்கள் மாதிரி ஒதுங்கி நிற்கின்றன. இட்லி மெல்லலாம். தோசையின் ஓரம் முடியாது. இந்திராணியிடம் சொன்னேன். "புதுசுல அப்படித்தாங்க இருக்கும். செருப்பு புதுசா வாங்குனா கடிக்கலையா?" என்றாள். செருப்பு கடித்தால் கழற்றி வாசலில் விடலாம்.

கடையில் ஒரு பஞ்சாயத்து. நம்மிடம் கல் எடுத்த ஒருவர் வீட்டுக் குளியலறையில் ஒரு டைல்ஸ் மட்டும் லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறதாம். கொத்தனாரைக் கூப்பிட்டு ஏசினேன். "பழகிரும்ணே" என்கிறான். காலில் இடறுகிற கல் எப்படியடா பழகும், பெயர்த்துவிட்டு மறுபடி பதி என்று சொல்லி அனுப்பினேன். செய்கிற வேலையைச் சரியாகச் செய்வதில்லை, குறை சொன்னால் மூஞ்சியைத் தூக்குவது. இந்த ஊரில் வேறு என்ன தெரியும்.

சாயங்காலம் மாப்பிள்ளை போன் செய்தார். "எப்படி இருக்கு மாமா?" என்றார்.

"அருமை மாப்பிள்ளை."

பிறகு என்ன சொல்வது. கல்யாணமாகி முழுசாக நாலு மாதம் ஆகவில்லை. ஆஸ்பத்திரி திறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. முதல் வேலையே கோணல் என்று மாமனார் வாயாலா சொல்வது? நல்ல குடும்பத்தில் யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள்.

செப்டம்பர் 6, வெள்ளி

வலது காதுக்குக் கீழே இழுத்துப் பிடிக்கிறது. காலையில் எழுந்தால் தாடை கனக்கிறது.

பிரிட்ஜுக்கு அடியில் ஒரு சந்து இருக்கிறது. ரசத்தில் போட்ட மல்லித்தழை அதில் போய் உட்கார்ந்துகொண்டது. நாக்கால் தள்ளிப் பார்த்தேன், குச்சியால் குத்திப் பார்த்தேன், கடையில் ஆள் நிற்கும்போது விரலை விட்டேன். ஒருவர் தரைக்கு எந்த நிறம் போடலாம் என்று கேட்டுக்கொண்டே என் வாயைப் பார்த்தார். வெளியே வந்தது மல்லித்தழை இல்லை, நேற்றைய கருவேப்பிலை.

வருகிறவன் போகிறவன் எல்லாம், "எங்க, மாப்பிள்ளை கட்டுன பல்லக் காட்டுங்க பாப்போம்" என்கிறான். திறப்பு விழா போட்டோவை ஊருக்கெல்லாம் அனுப்பியது நான்தான். காட்டுகிறேன். "சொந்தப் பல்லு மாதிரியே இருக்குண்ணே" என்கிறார்கள். பார்ப்பதற்கு அப்படித்தான் இருக்கிறது.

செப்டம்பர் 8, ஞாயிறு

புரட்டாசி பிறந்தால் கறி கிடையாது என்று இந்திராணி இன்றைக்கே மகளையும் மாப்பிள்ளையையும் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள். வெள்ளாட்டுக் கறி, கோழி வறுவல், எலும்புக் குழம்பு. மாமனாரும் மாப்பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். இன்றைக்கு அது எனக்கு எமனாக வந்தது.

மாப்பிள்ளை நல்ல எலும்பாகப் பொறுக்கி என் இலையில் வைத்தார். "வலது பக்கமும் தைரியமா கடிங்க மாமா. அதுக்குத்தான் கட்டியிருக்கோம்." கடித்தேன். உச்சந்தலை வரைக்கும் ஒரு மின்னல் போனது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "காரம்" என்றேன். இந்திராணிக்குக் கோபம், குழம்பில் காரமே இல்லை என்று.

அபி எதிரே பரிமாறிக்கொண்டு நின்றாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் கண் பெரிது. எதையும் விடமாட்டாள். நான் கைகழுவப் பின்கட்டுக்குப் போனபோது பின்னாலேயே வந்தாள்.

"அப்பா, நீங்க இடது பக்கமே மெல்லுறீங்க. அந்தப் பல்லு சரியில்லதானே?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"கறியெல்லாம் இலைக்கு அடியில இருக்கு. நான் பாத்தேன். அவர்கிட்ட சொல்லிச் சரி பண்ணச் சொல்றேம்ப்பா. அவரு ஒண்ணும் நெனக்கமாட்டாரு."

"நீ வாயத் தொறக்காத. மாப்பிள்ளை மனசு கோணக்கூடாது. உனக்கு எங்க எதப் பேசணும்னே தெரியல" என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. நல்லதுக்குத்தான் சொன்னேன்.

செப்டம்பர் 12, வியாழன்

கடையில் இருக்கும்போது மாப்பிள்ளையின் போன்.

"மாமா, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். அபியும் இங்கதான் இருக்கா. உங்க வாயாலயே சொல்லுங்க. பிரிட்ஜ் எப்படி இருக்கு?"

ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டால் என்ன சொல்வது? "அருமை மாப்பிள்ளை. நல்லா மெல்லுறேன். நேத்துக்கூட முறுக்குத் தின்னேன்" என்றேன். முறுக்கு என்ன, முறுக்கு வாசனைகூட என் பக்கம் வரவில்லை. ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான்.

"பாத்தியா?" என்று அவர் அந்தப் பக்கம் யாரிடமோ சொல்வது கேட்டது. அபி ஏதாவது பேசுவாள் என்று காத்திருந்தேன். பேசவில்லை. அடுப்பில் ஏதாவது இருந்திருக்கும். "சரிங்க மாமா, சந்தோஷம்" என்று மாப்பிள்ளை வைத்துவிட்டார்.

நாசூக்காகச் சமாளித்துவிட்டேன்.

செப்டம்பர் 16, திங்கள்

கடை மூடுகிற நேரத்துக்கு அபி தினமும் கூப்பிடுவாள். என்னப்பா, ஏதப்பா என்று ரெண்டு வார்த்தை. நாலு நாளாகப் போனே இல்லை. ஆஸ்பத்திரியில் கூட்டம் போலிருக்கிறது. கல்லாவில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பதெல்லாம் அவள்தானே.

அப்பளம் நமுத்தபிறகு சாப்பிட்டால் பரவாயில்லை.

செப்டம்பர் 20, வெள்ளி

பொறுக்கமுடியவில்லை. குளிர்ந்த தண்ணீர் பட்டாலே பல் கூசி உயிர் போகிறது. கொள்முதல் வேலை இருக்கிறது என்று இந்திராணியிடம் சொல்லிவிட்டுக் கம்பத்துக்கு பஸ் ஏறினேன். அங்கே ஒரு லேடி டாக்டர் பல்லுக்கு நன்றாகப் பார்ப்பதாகக் கேள்வி. கொரோனா போய் எத்தனையோ நாளாகிவிட்டது, பீரோவில் கிடந்த மாஸ்க்கைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டேன். பெயரைக் கேட்டதற்கு என் அப்பா பெயரைச் சொன்னேன். அறுபதை நெருங்குகிற வயதில் திருட்டு சினிமாவுக்குப் போகிற பையன் மாதிரி ஒரு பிழைப்பு.

டாக்டரம்மா வாயைப் பார்த்தார். சிவப்புக் காகிதம் ஒன்றை வைத்துக் கடிக்கச் சொன்னார். "யாருங்கய்யா கட்டுனது?" என்றார்.

"கோயம்புத்தூர்ல ஒருத்தர்."

"கடி உயரமா இருக்கு. அவர்கிட்ட போய்ச் சொன்னீங்களா?"

"இல்லம்மா. தூரம்."

"கோயம்புத்தூர் என்ன அமெரிக்காவா? மொதல் வாரமே போயிருந்தா மேல லேசா ராவிவிட்டிருப்பாரு. அஞ்சு நிமிஷ வேலை. இவ்வளவு நாளா இடிச்சு இடிச்சு அடியில இருக்கிற பல்லுக்கு அடி விழுந்திருக்கு. இன்னும் விட்டா ரூட் கேனல் வரைக்கும் போகும். இப்ப நான் ராவி விடட்டுமா?"

மிஷினைக் கையில் எடுத்துவிட்டார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். நாளைக்கு மாப்பிள்ளை பார்த்தால் தான் வைத்த பல்லில் வேறு கை பட்டிருப்பது தெரியாதா? தெரிந்தால் என்ன நினைப்பார்? டாக்டரம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பல்லு உங்களுது, வலியும் உங்களுது" என்று சொல்லி வலி மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

வரும்போது பஸ்ஸில் ஒரு ஆள் வேர்க்கடலை தின்றுகொண்டே வந்தான். அவன்மேல் எனக்கு வந்த கோபத்துக்குக் கணக்கே இல்லை.

செப்டம்பர் 27, வெள்ளி

மாத்திரை போட்டால் வலி குறைகிறது, வயிறு எரிகிறது.

அபியை நானே கூப்பிட்டேன். "நல்லாருக்கேம்ப்பா" என்றாள். ஆஸ்பத்திரியில் வேலை ஜாஸ்தியா என்றேன். "நான் இப்பக் கீழ போறதில்லப்பா" என்றாள். ஆஸ்பத்திரிக்கு மேலேதான் அவர்கள் வீடு. "நல்லதாப்போச்சு, வீட்டுல ஓய்வா இரு" என்றேன். வேறு எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டாள். பல் எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. பெற்ற அப்பன் ஒருவன் இருக்கிறான் என்பதே கல்யாணம் ஆனபின் மறந்துபோகும் போல.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. தராசு, டைல்ஸ் வெட்டுகிற மிஷின், கல்லாப்பெட்டி எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்தோம். கடைப் பையன்கள் பொரிகடலையை அள்ளி அள்ளித் தின்றார்கள். நான் பொரியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றேன். பூஜைப் பொருளை நனைத்துத் தின்ற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

இந்திராணி நேற்றுச் சுண்டலும் புது ரவிக்கைத் துணியும் எடுத்துக்கொண்டு தேனிக்கு மகளைப் பார்க்கப் போனாள். திரும்பி வந்ததிலிருந்து பேச்சில்லை. காபியை டொக்கென்று வைத்தாள். என்ன என்று கேட்டேன், ஒன்றுமில்லை என்றாள். இன்று காலையில் நான் இட்லியைப் பாலில் பிசைந்துகொண்டிருந்தபோது தானாகவே ஆரம்பித்தாள்.

"உங்க மகளுக்கு அந்த வீட்டுல வாயே இல்லங்க."

"என்ன உளர்ற?"

"அந்த ஸ்பீக்கர் போன் இருக்குல்ல, அதுக்கு முந்துன நாள் அபி அவர்கிட்ட சொல்லியிருக்கா. அப்பாவுக்குப் பல்லு சரியில்ல, வலிய மறைக்கிறாரு, கூப்பிட்டுப் பாருங்கன்னு. அவரு நம்பல. என் வேலையில குத்தம் கண்டுபிடிக்கிறியான்னு சண்டை. அப்பத்தான் உங்களக் கூப்பிட்டுக் கேட்டாரு. நீங்க முறுக்குத் தின்னேன்னு சொன்னீங்களாமே?"

நான் இட்லியை இன்னும் கொஞ்சம் பிசைந்தேன்.

"அதுலேர்ந்து அவ என்ன சொன்னாலும், 'உங்கப்பா பல்லு மாதிரியா'ன்னு சிரிக்கிறாராம். கேஸ் வாடை அடிக்குதுன்னாலும் அதான். தண்ணி தொட்டி ஒழுகுதுன்னாலும் அதான். வெளையாட்டாத்தான் சொல்றாரு, மனுஷன் கெட்டவரில்ல. போன வாரம் காய்ச்சல்னு படுத்திருக்கா. அதுக்கும், 'பல்லு வலிக்காய்ச்சலா'ன்னு சிரிச்சிட்டுக் கீழ போயிட்டாராம். அப்புறம் பக்கத்து வீட்டம்மாதான் தொட்டுப் பாத்துட்டுக் கூட்டிட்டுப் போயி ஊசி போட்டுவிட்டிருக்கு. வந்ததுக்கப்புறம் அவரு மாத்திரை எடுத்துக் குடுத்தாராம். யாரு சொல்லி? பக்கத்து வீட்டம்மா சொல்லி."

எனக்குக் கோபம் வந்தது. "அவள யாரு சொல்லச் சொன்னா? நான் வேணாம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்" என்று கத்தினேன். கத்தும்போதும் அந்தப் பல்தான் முட்டியது.

"உங்களுக்கு வலிக்குதேன்னு சொன்னா. வேற எதுக்குச் சொல்லுவா?" என்றாள் இந்திராணி. பிறகு, "நானும் செருப்பு கடிக்குதுன்னு பேசிட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மாப்பிள்ளைமேல் கோபம். அபிமேல் கோபம். இந்திராணிமேல் கோபம். ராகு காலத்தைக் கண்டுபிடித்தவன்மேல் கோபம். இட்லி அப்படியே இருந்தது, மாட்டுக்குப் போட்டோம்.

அக்டோபர் 15, செவ்வாய்

எனக்கு அவமானமாக இருக்கிறது. என் மகள் சின்ன வயதில்கூடப் பொய் சொன்னதில்லை. பரீட்சையில் மார்க் குறைந்தால் நான் கேட்குமுன்பே வந்து சொல்லிவிடுவாள். அவளை ஒரு வீட்டில் பொய்க்காரி ஆக்கி வைத்திருக்கிறேன்.

இன்று மாப்பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவது என்று போனை எடுத்தேன். "சொல்லுங்க மாமா" என்றார். ஆஸ்பத்திரி மாடிப்படிக்கு வழுக்காத டைல்ஸ் வந்திருக்கிறது, அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

அக்டோபர் 17, வியாழன்

மறுபடியும் கூப்பிட்டேன். "பிரிட்ஜ் எப்படி மாமா?" என்றார். அருமை என்று வந்துவிட்டது. நான் சொல்லவில்லை, அதுவாக வருகிறது.

அக்டோபர் 20, ஞாயிறு

தலை தீபாவளிக்கு அழைக்க நானும் இந்திராணியும் இன்று தேனிக்குப் போனோம். பெண்ணையும் மாப்பிள்ளையையும் நேரில் போய்த் தாம்பூலத் தட்டு வைத்து அழைப்பதுதான் முறை. வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். தட்டு வைத்து அழைத்தபிறகு, தனியாகக் கூப்பிட்டு, தோளில் கைபோட்டு, பதமாக, சிரித்துக்கொண்டே சொல்வது என்று ஏற்பாடு.

ஏற்பாடு எதுவும் நடக்கவில்லை. கீழே ஆஸ்பத்திரியில் கூட்டம் இருந்தது. நாற்காலியில் ஒரு அம்மா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சின்னமனூர்ப் பக்கம். கூடவே அவர் மகனும் மருமகளும். பல் கட்டிக்கொள்வதா வேண்டாமா என்று அந்த அம்மாவுக்கு யோசனை. எங்களைப் பார்த்ததும் மாப்பிள்ளை முகம் மலர்ந்து எழுந்து வந்து, "வாங்க மாமா, வாங்க அத்தை" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அபி எங்கள் குரல் கேட்டு மேலேயிருந்து காபித் தட்டோடு இறங்கி வந்தாள். இளைத்திருந்தாள்.

மாப்பிள்ளை அந்த அம்மாவிடம் திரும்பினார். "நல்ல நேரத்துல வந்திருக்காரு பாருங்க. இவர்தான் என் மாமனார். இங்க மொதல்ல பிரிட்ஜ் கட்டுனது இவருக்குத்தான். நீங்களே கேட்டுக்கங்க. மாமா, எப்படி இருக்குன்னு அம்மாகிட்ட சொல்லுங்க."

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். அந்த அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அபி பார்க்கவில்லை. காபித் தட்டைப் பக்கத்து மேஜையில் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, மாடிப்படியை நோக்கித் திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டாள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவளுக்குத் தெரியும், அதைக் கேட்கவேண்டாம் என்று போகிறாள்.

"அபி, நில்லும்மா" என்றேன்.

நின்றாள். திரும்பவில்லை.

"சரியில்ல மாப்பிள்ளை" என்றேன். குரல் ரொம்பச் சத்தமாக வந்துவிட்டது. "மொத நாள்லேர்ந்தே சரியில்ல. இடிக்குது. வலி உசுரு போகுது. நான் முறுக்குத் தின்னேன்னு சொன்னது பொய். அபி சொன்னதுதான் உண்மை. அவ சொன்னது அத்தனையும் உண்மை."

சின்னமனூர் அம்மா கழுத்தில் கட்டியிருந்த பச்சைத் துணியைத் தானே அவிழ்த்தார். "நாங்க தீபாவளி கழிச்சு வர்றோம் தம்பி" என்று மகன் சொன்னான். வாசலில் காத்திருந்தவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

எல்லோரும் போனபிறகு மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். முகம் கறுத்திருந்தது. "இத்தன பேரு முன்னாடிதான் சொல்லணுமா மாமா? எத்தன தடவ கேட்டேன்? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, போன்ல சொல்லியிருந்தா நானே வந்து பாத்திருக்கமாட்டேனா? ஒரு வாரம் வச்சுப் பாப்போம்னு அன்னிக்கே சொன்னேனே. யாரு கேட்டா?"

ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. தாம்பூலத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இந்திராணி அழ ஆரம்பித்தாள்.

"நீங்க கேட்டீங்க, அவரு பொய் சொன்னாரு, அது அவரு தப்பு" என்றாள் அபி. அப்போதுதான் திரும்பியிருந்தாள். "நான் சொன்னேனே. நான் பொய் சொல்லலையே. எனக்கு ஏன் காது குடுக்கல?"

என் மகள் அவ்வளவு நிதானமாகப் பேசி நான் கேட்டதில்லை. மாப்பிள்ளை கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். பிறகு என்னிடம், "உக்காருங்க" என்றார். மாமா என்று சொல்லவில்லை.

சிவப்புக் காகிதத்தை வைத்துக் கடிக்கச் சொன்னார். எடுத்து விளக்கில் பார்த்தார். மறுபடி வைத்தார், மறுபடி பார்த்தார். பிரிட்ஜ்மேல் மட்டும் திட்டாகச் சிவப்பு. மற்ற பல்லில் பொட்டுக்கூட இல்லையாம். சின்னச் சுத்தியலால் பல்லை லேசாகத் தட்டினார். நான் நாற்காலியிலிருந்து எழும்பிவிட்டேன்.

"இவ்வளவு வலியோடவா கறி தின்னீங்க?" என்றார். கோபமாகத்தான் கேட்டார், ஆனால் குரல் உடைந்திருந்தது.

பிரிட்ஜை வெட்டித்தான் எடுக்கவேண்டியிருந்தது. "அபி, சக்ஷன் பிடி" என்றார். அவள் வந்து குழாயைப் பிடித்தாள். இருவரும் என் முகத்துக்கு மேலே குனிந்திருந்தார்கள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. மிஷின் சத்தத்தில் யார் என்ன பேசினாலும் கேட்டிருக்காது.

அடியில் ஒரு பல்லுக்கு ரூட் கேனல் செய்யவேண்டும். அதன்பிறகு புதிதாக அச்சு, புதிதாகப் பிரிட்ஜ். "மொதல்ல தற்காலிகமாத்தான் ஒட்டுவேன்" என்றார். சரி என்றேன்.

தாம்பூலத் தட்டை அபி வாங்கிக்கொண்டாள். தீபாவளிக்கு வருவார்களா என்று கேட்கத் தைரியமில்லாமல் பஸ் ஏறினோம்.

அக்டோபர் 22, செவ்வாய்

ஊருக்கு விஷயம் வந்துவிட்டது. தேனியில் மாமனாரும் மாப்பிள்ளையும் ஆஸ்பத்திரியிலேயே கட்டிப் புரண்டார்களாம். என் கடைக்கு வந்து என்னிடமே சொல்கிறான் ஒருவன்.

அக்டோபர் 28, திங்கள்

ரூட் கேனலுக்குப் போய்வந்தேன். மாப்பிள்ளை வாயைத் திற, மூடு என்பதைத் தாண்டிப் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் கூட்டம் குறைவு. அது என்னால். அபி கீழே டோக்கன் மேஜையில் உட்கார்ந்திருந்தாள். "வலிச்சா கையத் தூக்குங்கப்பா, சும்மா தாங்கிக்கிட்டு இருக்காதீங்க" என்றாள். தூக்கினேன். எத்தனை தடவை தூக்கினாலும் மாப்பிள்ளை நிறுத்தினார்.

அக்டோபர் 31, வியாழன், தீபாவளி

நேற்றுச் சாயங்காலமே இருவரும் வந்துவிட்டார்கள். இந்திராணி நாலு நாளாக முறுக்குச் சுட்டு டின் டின்னாக அடைத்து வைத்திருந்தாள். எனக்கு ஒன்றும் கிடையாது. பல் இருந்த இடத்தில் நாக்கு போய்ப் போய் வருகிறது. ஊரெல்லாம் பலகாரம் தின்கிற நாளில் நான் தயிர்சாதம்.

மாப்பிள்ளை எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது வேட்டி கட்டி, எங்கள் காலில் விழுந்தார். விழுந்து எழுந்தபோதும் என் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. சாப்பிடப் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். என் இலைப் பக்கம் திரும்பவில்லை. அவர் கோபம் இப்போதைக்குத் தீராது. தீரவேண்டிய அவசியமும் இல்லை, படுகிறேன்.

அபி பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தாள். பாதியில் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "தலை வலிக்குது" என்றாள்.

இந்திராணி அடுப்படியில் நின்றுவிட்டாள். நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் கை இலையிலேயே நின்றது.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"இடது பக்கம்."

எச்சில் கையோடு எழுந்து, கையைக் கழுவிவிட்டு, பெட்டியிலிருந்து மாத்திரையும் தண்ணீரும் எடுத்துவந்து அவளிடம் கொடுத்தார். "போய்க் கொஞ்சம் படு" என்றார். அவள் போனாள். அவர் திரும்பி வந்து உட்கார்ந்து, ஆறிப்போன சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார்.